மாரி என்றால் யார் திரும்புவார்?

தேனி பக்கத்து வீரபாண்டியில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நின்று "மாரி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் மீசைக்காரரும் திரும்புவார், தலை நிறையப் பூ வைத்தவரும் திரும்புவார். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் குடியிருக்கும் ஊரில் அது இயல்பு. அம்மனிடம் வேண்டிப் பிறந்த பிள்ளை ஆண் என்றால் மாரிச்சாமி, மாரியப்பன். பெண் என்றால் மாரியம்மாள். அந்த வால் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு சரி. தெருவில் எல்லாம் மாரிதான். பாண்டியும் பேச்சியும் முத்துவும் அப்படித்தான். தேவதானப்பட்டிப் பக்கம் போனால் காமாட்சி என்ற பெயரில் ஆண்களையே பார்க்கலாம். சாத்திய கதவுக்குப் பூசை வாங்கும் மூங்கிலணைக் காமாட்சியின் பெயரைப் பையனுக்கு வைக்க அந்தக் காலத்து அப்பன்மார் கூச்சப்பட்டதில்லை.

இன்று அதே தேனிப் பக்கத்தில் நிறைமாதப் பெண்கள் 'யுனிசெக்ஸ் பேர்' தேடுகிறார்கள். மகிழ், தமிழ், முகில், மதி, கவி, கிரண் என்று கைப்பேசியில் பட்டியல் நீள்கிறது. "ஏத்தா, பேரைச் சொன்னா ஆணா பொண்ணான்னு தெரிய வேணாமா?" என்று அப்பத்தா கேட்கிறார். "தெரியக் கூடாதுன்னுதான் அப்பத்தா வைக்கிறோம்" என்று பதில் வருகிறது. அப்பத்தாவின் பெயர் மாரிமுத்துவாக இருந்தால் இந்தச் சண்டைக்கு இன்னும் ருசி கூடும்.

தேடலுக்குக் காரணங்கள் உண்டு. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே முன்கூட்டியே பெயர் யோசிப்பவர்களுக்கு இரண்டுக்கும் பொருந்துவதே வசதி. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலை இன்னொன்று. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முதலெழுத்தும் பெயரும்தான். அதில் பால் தெரியாவிட்டால் வேறெங்கும் தெரியாது. கரூர் எம்.பி. ஜோதிமணி பெண், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜோதிமணி ஆண். சீக்கியர்கள் இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஹர்மன்ப்ரீத் என்றால் கிரிக்கெட் தலைவியா, ஹாக்கி தலைவரா என்று அறியக் கௌர், சிங் வரை காத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இதற்கு நீதிமன்றப் படியே ஏற வேண்டியிருந்தது. பெயரே பாலைக் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஒரு பெண் குழந்தைக்குக் 'கிரண்' என்ற இந்தியப் பெயரைப் பதிய அதிகாரிகள் மறுத்தார்கள். 2008 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நம்மூர்ப் பதிவாளர் அப்படியெல்லாம் மடக்குவதில்லை. படிவத்தில் ஆண், பெண் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

பழைய காலத்தை ரொம்பவும் கொஞ்ச வேண்டாம். வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்ததும் இதே மண்தான். அந்தப் பெயர் அந்தக் குழந்தைக்கானது அல்ல. அடுத்துப் பிறக்க வேண்டிய தம்பிக்காக வைத்தது. பக்கத்து உசிலம்பட்டி 1980-களில் பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வர வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் 'வேண்டாதவள்' என்ற பொருளில் 'நகுசா' என்று பெயர் சுமந்த 285 பெண்களுக்கு 2011-இல் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. அதையெல்லாம் நினைத்தால், மகளின் வேலை விண்ணப்பம் வரை யோசித்து 'மகிழ்' என்று தேர்ந்தெடுக்கும் தாய் எவ்வளவோ தூரம் வந்துவிட்டாள். இந்தப் பெயர் அவளுக்காகவே வைக்கப்படுகிறது.

ஒரு மாற்றத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று பொதுப் பெயர் இரண்டு பக்கமும் போய் வந்தது. அம்மன் பெயர் ஆணுக்கும் வந்தது. எட்டயபுரத்தில் சுப்பிரமணியனுக்குப் பட்டமாகக் கிடைத்த 'பாரதி' கலைமகளின் பெயர். தேனி அல்லிநகரத்துச் சின்னசாமி, பாரதிராஜா ஆனபோதும் யாரும் பெண் பெயர் என்று முகம் சுளிக்கவில்லை. உருக்கு உலகின் பெரும்புள்ளி மிட்டலின் முதற்பெயர் லட்சுமி. இன்றைய பட்டியலிலோ பெண்ணுக்கு ஆண்சாயல் பெயர் வைத்தால் துணிச்சல். பையனுக்குப் பெண்சாயல் பெயர் வைத்தால், "பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவாங்க" என்று அதே தாய் பின்வாங்குகிறாள். காமாட்சி என்று பையனுக்கு வைத்த தலைமுறை இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட முன்னால் நின்றது.

இன்னொன்று, அவசரம் வேண்டாம். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் எழுதியதே பெயர். வீட்டில் கூப்பிடுவது வேறாகவும் இருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் சரி, வேறெங்கு பிறந்தாலும் சரி, முதலில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அந்த ஓராண்டில் அப்பத்தாவையும் கேளுங்கள். பிறந்தது பையனாக இருந்தால் காமாட்சியையும் பட்டியலில் வையுங்கள்.