அரை மணி எங்கே போனது?

இலங்கையின் மண்கும்பானில் 1998இல் காலை 8.00 மணிக்குப் பிறந்த பிள்ளைக்குத் தரவுத்தள சேவையகம் 7.30 என்று காட்டுகிறது. ஏன்?

மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரத்தை கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அது ஆறு மணியானது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை திரும்பியது. (விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஐந்தரையை விடவேயில்லை, அந்தக் கூத்துக்குச் சேவையகத்தில் தனி வலயம் கிடையாது.) உலகப் பொது நேரத்தில் சேமித்த பதிவோடு இன்றைய ஐந்தரையைக் கூட்டினால் அரை மணி குறையத்தானே செய்யும்?

எப்படித் திருத்துவது? ‘+05:30’ என்ற எண்ணுக்குப் பதில் ‘ஏசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரைக் கொடுங்கள். பழைய மாற்றங்களெல்லாம் அதற்குள் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அந்தப் பெயரை ஏற்காவிட்டால் நேரவலய அட்டவணைகள் காலியாகக் கிடக்கக்கூடும். முதலில் அவற்றை நிரப்புங்கள். சாதகம் கணிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை; அரை மணியில் இலக்கினமே மாறலாம்.