பூட்டிய வீட்டுக்குள் சாவி

1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பம்பாய் வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில், வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள அரசாங்க உரிமம் வேண்டியிருந்தது. ஆயினும் அப்பெட்டி கேட்பவரின் பெயரைக் கேட்டதில்லை. விசையைத் திருகினால் வீட்டிலுள்ள அனைவருக்கும் பாடிற்று. இன்றைய மடிக்கணினியோ, “நீர் யார்?” என்று முதலில் வினவுகிறது. அதற்கு விடை கிடைத்த பின்னரே, சில கணினிகளில் வைஃபை என வழங்கும் கம்பியில்லா இணைப்பு உயிர்பெறுகிறது. இதனால் விளையும் இடரையும், அதை நீக்கும் வழியையும் ஆராய்வோம்.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, வேறொருவர் பயன்படுத்திவந்த அலுவலக மடிக்கணினி ஒன்றைச் செம்பூரிலுள்ள வீட்டிற்கு நாம் கொண்டுவந்திருந்தோம். மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். கடவுச்சொல்லில் பிழையில்லை, எனினும், உள்நுழைவைச் சரிபார்க்கும் சேவையகம் கிட்டவில்லை என்று திரை கைவிரித்தது. அன்று அப்பணி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

காரணம் யாது? அலுவலகக் கணினியில் புதியவர் ஒருவர் நுழைந்தால், அவர் இன்னார் என்பதை அலுவலகச் சேவையகமே உறுதி செய்தல் வேண்டும். சேவையகத்தை அடைய இணைப்பு வேண்டும். இணைப்போ உள்ளே நுழைந்த பிறகுதான் தொடங்கும். பூட்டிய வீட்டுக்குள் சாவி கிடப்பது போன்ற நிலை இது. முன்பு நுழைந்தவருக்கு இத்தொல்லை இல்லை. அலுவலக வலையமைப்பில் சேர்ந்த விண்டோஸ் கணினி, முன்பு நுழைந்தோரில் 10 பேரின் அடையாளத்தை இயல்பாகவே நினைவில் வைத்துக்கொள்கிறது.

குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் கணினியிலும் இதையொத்த சங்கடம் உண்டு. தாராவியில் ஓர் அறை வீடு; தந்தைக்கும் மகளுக்கும் ஒரே கணினி, கணக்குகள் இரண்டு. சில லினக்ஸ் கணினிகளில், தந்தை எழுதிய வைஃபை கடவுச்சொல் அவருடைய கணக்கிலேயே பூட்டப்பட்டுவிடும். அவர் வேலைக்குப் போன பின் மகள் தன் கணக்கில் நுழைந்தால், வகுப்பு நேரத்தில் இணைப்பு இராது.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். முதலாவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் நுழைவுத் திரையில் வலப்புறக் கீழ்மூலையை நோக்குக. அங்குள்ள வலையமைப்புக் குறியைத் தொட்டு, நுழையும் முன்பே வைஃபையை இணைக்க இயலும். இரண்டாவது, ரவுட்டரிலிருந்து கம்பிவடத்தைக் கணினியில் செருகுதல். கம்பிவழி இணைப்பு பெரும்பாலும் எவரையும் எதிர்பாராமல் தொடங்கிவிடும். மூன்றாவது, லினக்ஸ் கணினியில் அந்த இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, எல்லாப் பயனர்க்கும் அதனைப் பொதுவாக்குதல். அவ்வாறு செய்தால் கடவுச்சொல் கணினியின் பொது இடத்தில் சேமிக்கப்படும்; நிர்வாக உரிமை உடையவர் அதைப் படிக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

அலுவலகக் கணினிக்கு வீட்டு வைஃபை மட்டும் போதாது. சேவையகம் வரை செல்லும் வி.பி.என். எனும் தனிவழி, நுழைவுக்கு முன்னரே திறக்குமாறு அலுவலகத்தார் அமைத்திருத்தல் வேண்டும். அலுவலகக் கட்டடத்தினுள் வைஃபைக்கும் ஒரு வழி உண்டு: மனிதருக்கு முன்னதாகக் கணினியே தன் சான்றிதழைக் காட்டி அனுமதி பெறும் முறை. இவை நாமே மாற்றத்தக்கவை அல்ல. தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்டுப் பெறுதலே முறை.

இன்னொரு வகை நுழைவையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல்லும் கூகுளும் தொடங்கிய இலவச வைஃபையில், தொலைபேசி எண்ணைக் கேட்கும் பக்கம் ஒன்று தோன்றும். அங்கே இணைப்பு முன்பே கிடைத்துவிடுகிறது. வாயிற்கதவு மட்டுமே மூடியிருக்கிறது. உலாவியைத் திறந்து அப்பக்கத்தை நிறைவு செய்தால் போதும்.

இவை யாவற்றினும் எளிய உபாயம் ஒன்றுண்டு. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள வீட்டிற்குப் புதிய அலுவலகக் கணினியைக் கொண்டுசெல்லுமுன், அலுவலக வலையமைப்பில் இருக்கும்போதே உங்கள் பெயரில் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தை அன்று நாம் செலவிட்டிருந்தால், மாலைப் பணி தவறியிராது.