உங்களுக்குத் தெரியுமா? ஜாமீன் கையெழுத்து முதல் மஞ்சள் நோட்டீஸ் வரை

"கடன் வாங்கியவருடைய சொத்தை முதலில் விற்பார்கள், மிச்சம் இருந்தால்தான் நம்மிடம் வருவார்கள்" என்று நம்பித்தான் பலர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. தவணை தவறியதும் வங்கி நேராக ஜாமீன்தாரர் வீட்டுக் கதவையே தட்டலாம். கடனாளியிடம் முயன்று பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை என்று பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடன் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வரவில்லை என்பது வாதமாகாது.

அதே சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில கவசங்களும் தந்திருக்கிறது. உங்களைக் கேட்காமல் வங்கியும் கடனாளியும் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டால், அதற்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு நீங்கள் பொறுப்பல்ல (பிரிவு 133). ஈடாக வாங்கிய சொத்தை வங்கி உங்கள் சம்மதமின்றிக் கைவிட்டால், அந்தச் சொத்தின் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பும் குறையும் (பிரிவு 141). முழுக் கடனையும் நீங்கள் அடைத்துவிட்டால், வங்கிக்கு இருந்த உரிமையெல்லாம் உங்களுக்கு வந்துவிடும். கடனாளி மீது நீங்களே வழக்குப் போடலாம்.

ஆனால் இந்தக் கவசங்களில் பலவற்றை "விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வாசகம் வங்கிப் படிவங்களில் பெரும்பாலும் அச்சாகியே இருக்கும். நாம் படிக்காமல் தாண்டிப்போகும் பக்கம் அதுதான். கையெழுத்துப் போடுமுன் அதைப் படியுங்கள். போட்ட பிறகு ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பேர் ஜாமீன் போட்டு, ஒருவரே முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால்? வேறு ஏற்பாடு இல்லாதபோது மற்றவரிடம் பாதியைக் கேட்டு வாங்கலாம்.

அடகு வைத்த நகை ஏலம் போய்விட்டால் கணக்கு முடிந்தது என்று பல குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. முடியவில்லை. அசல், வட்டி, செலவு போக மிஞ்சும் பணம் உங்களுடையது. முறையான முன்னறிவிப்பு இல்லாமல் நகையை விற்கவும் கூடாது. உண்மையில் விற்பனை நடந்து முடியும் வரை பணம் கட்டி மீட்கலாம். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நகைக்கடன் விதிகளைக் கடன் நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் பின்பற்றத் தொடங்க வேண்டும். அவற்றின்படி, கடன் முழுவதையும் அடைத்தபின் 7 வேலை நாள்களுக்குள் நகை திரும்ப வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

மூலப்பத்திரத்தை ஒப்படைத்தே அடமானம் வைக்கும் முறையை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த நகரங்களில் ஒன்று சென்னை. கல்கத்தாவும் பம்பாயும் அந்தப் பட்டியலில் உண்டு.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே ஈட்டுச் சொத்தை வங்கி கையகப்படுத்தலாம். அதற்குமுன் 60 நாள் நோட்டீஸ் தரவேண்டும். நோட்டீஸ் வந்ததும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவது மிகப் பெரிய தவறு. எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்பினால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

நீதிமன்ற ஜப்தியிலும் தொடக்கூடாதவை உண்டு. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்ற அணிகள், கைத்தொழிலாளியின் கருவிகள், உழவருடைய விவசாயக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும் எல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைதுசெய்ய முடியாது. நேர்மையாக இருந்தும் கட்ட வழியில்லாத எவரையும் வறுமைக்காகச் சிறையில் தள்ளக்கூடாது என்று 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். கடன்பட்டோர் எல்லோரும் அறியவேண்டிய தீர்ப்பு.

கட்டவே முடியாதவருக்கு இருக்கும் வழி மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் மனு. அதற்கு 2016-இல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டதே என்கிறீர்களா? அது முக்கியமாக நிறுவனங்களுக்கே நடைமுறையில் இருக்கிறது. சாதாரணத் தனிநபர் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது இன்னும் பழைய சட்டங்களின்படிதான்: சென்னை நகரில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம். மனுப் போட இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய்! நூறாண்டாக மாறாத அந்தத் தொகையையும் நடைமுறையையும் திருத்த வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

மஞ்சள் நோட்டீஸ் எல்லாவற்றையும் துடைத்துவிடாது. அடமானச் சொத்தை விற்றுக்கொள்ளும் உரிமை வங்கிக்கு அப்படியே இருக்கும். கடனாளியை நீதிமன்றம் விடுவித்தாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் போட்ட முதலாளிகள் மீதும் 2019 டிசம்பர் முதல் திவால் நடவடிக்கை எடுக்கலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

வீட்டுக்கடன் முடிந்ததா? 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். அதன் தவறால் தாமதமானால் இங்கும் நாளுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1 முதல் இது விதி. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் அடைந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றிதழில் தொடர்ந்து தெரியும்.