மருந்துக்கு வரி நீங்கியது. மாதிரிப் புட்டியை யார் கவனிப்பது?

புதுடெல்லி: மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி முழுமையாக நீக்கப்படுவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 ஜூலை 23-ஆம் தேதி மக்களவையில் அறிவித்தார். அவற்றில் ஒன்றான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், ஹெர்-2 என்னும் புரதம் காணப்படும் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுவது. அப்புரதம் இருக்கிறதா என்பதை முடிவு செய்வது, நோயாளியின் திசுவில் ஏற்றப்படும் சாயம். அந்தச் சாயம் உண்மையைச் சொல்லுமா என்பதோ, திசு எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஒரு மணி நேரக் கெடு

அகற்றப்பட்ட திசுவை ஒரு மணி நேரத்துக்குள், அமிலத்தன்மை ஏறாதபடி தயாரித்த 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். குறைந்தது 6 மணி, அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் இருக்கலாம் என்பது அமெரிக்க வல்லுநர் அமைப்புகள் வகுத்த, பல நாடுகளும் பின்பற்றும் நெறி.

ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகவே ஊடுருவும். சனிக்கிழமை அகற்றிய பெரிய கட்டியை அறுக்காமல் திங்கள்கிழமை வரை புட்டியில் விட்டால், வெளிப்புறம் பதப்படும், உட்புறம் சிதையும். புரதம் இருந்தும் சாயம் ஏறாமல் போகலாம். மெழுகுக் கட்டியாக்கிய திசு பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியதை ஆறு வாரங்களுக்கு மேல் வைத்துச் சோதிக்கக் கூடாது.

ஆய்வகத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து உதாரணம். அங்கு 1997 முதல் 2005 வரை நடந்த ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் நூற்றுக்கணக்கான மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் தவறான முடிவு தரப்பட்டது. நீதிபதி மார்கரெட் கேமரூன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-இல் அறிக்கை அளித்தது.

யார் பொறுப்பு?

இந்தியாவில் ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று, பொதுவாக விரும்பிப் பெறுவதே, கட்டாயமல்ல. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், 2010-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை.

மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமையும். 2025-26-இல் மட்டும் 200 மையங்கள் என்றது 2025 பட்ஜெட். சிகிச்சை மாவட்டத்துக்கு வருகிறது. சோதனை பெருநகரத்திலேயே நடக்குமானால் திசு நெடுந்தொலைவு பயணிக்கும்.

அகற்றிய நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் புட்டியின் சீட்டில் எழுதப்படுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதைக் கட்டாயமாக்க மத்திய, மாநில அரசுகள் முன்வராவிட்டால், வரி நீங்கிய மருந்தும் உரியவருக்குக் கிட்டாமல் போகும்.