இங்கிலாந்தில் திராட்சத்தோட்டம்

திராட்ச மது என்றவுடன் பிரான்சு, இத்தாலி முதலிய தேசங்களே நம் நினைவிற்கு வரும். ஆயினும், குளிர் மிகுந்த இங்கிலாந்தின் தென்பாகத்திலும் இத்தொழில் தழைத்து வருகின்றது. ஆண்டாண்டாய் வெப்பம் மிகுந்து வருவதும், ஆங்காங்கே ஷாம்பேன் பிரதேசத்தை ஒத்த சுண்ணாம்பு நிலம் அமைந்திருப்பதும் இதற்குக் காரணங்களாம். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தம்பதிகள் சஸ்ஸெக்ஸிலுள்ள நைட்டிம்பரில் ஷாம்பேன் கொடிவகைகளை நட்டனர். அவர்தம் முதல் மது 1992-ஆம் ஆண்டு அறுவடையிற் பிறந்தது.

ஒரு சிறு குடும்பம் இத்தொழிலை மேற்கொள்ளின், அதற்கு வேண்டும் முதல் யாது? நிலமும் பணமும் மட்டுமல்ல, பொறுமையுமாம். நட்ட கொடி தக்க பலன் தர ஏறக்குறைய மூன்றாண்டுகள் செல்லும். நுரைமது செய்வோர், ஒருமுறை நொதித்த மதுவுடன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, அது மீண்டும் நொதித்துப் பக்குவமடையும் வரை மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ காத்திருத்தல் வேண்டும். அதுகாறும் செலவு உண்டு, வரவு இல்லை.

இதனிடையே வசந்தகாலத்து உறைபனி ஓரிரவிலேயே இளந்தளிர்களைக் கருக்கிவிடக்கூடும். 2017 ஏப்ரலில் பல தோட்டங்களுக்கு அவ்வாறே நேர்ந்தது. ஆதலின் அத்தகைய இரவுகளில் குடும்பத்தார் உறங்காது, கொடிவரிசைகளிடையே பெரிய மெழுகுவிளக்குகளை ஏற்றிக் காற்றைச் சூடேற்றிக் காவல் புரிவர். புட்டியொன்றன் விலையில் இவ்விரவுகளும் அடங்கியுள்ளன என்பதை நாம் அறிவோமாக.