மார்க் ருவெயினும் அவர் காலமும்: கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

அகத்திணைச் செய்யுளுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தமிழ் மரபு. ஆண்டுப் பொழுது எனப்பட்டவை பெரும்பொழுதும் சிறுபொழுதுமேயாம். ஆயினும், இடமும் காலமும் விளங்காதவிடத்து உரிப்பொருளும் விளங்காது என்னும் உண்மை, பிறமொழி இலக்கியம் கற்பிப்போருக்கும் வழிகாட்ட வல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளருட் புகழ்மிக்கவராகிய மார்க் ருவெயின் இயற்றிய ‘ஹக்கிள்பெரி பின்’ என்னும் நாவல் இதற்குத் தக்க சான்றாகும். காலத்தை நீக்கிப் படிப்பின் அஃது ஆற்றுப் பயணக் கதையாகவே தோன்றும். காலத்தோடு சேர்த்துப் படிக்கும்பொழுதே அதன் நகைச்சுவைக்குள் மறைந்திருக்கும் துயரம் புலனாகும்.

ஆசிரியரின் இயற்பெயர் சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ். அவர் 1835 நவம்பர் 30ஆம் நாள் மிசூரி மாநிலத்துப் புளோரிடா என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1839இல் அவர் குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் நகருக்குப் பெயர்ந்தது. 1847இல் தந்தையார் இறந்தபின் அச்சுத்தொழில் பயின்றார். பின்னர் நீராவிக் கப்பலை வழிநடத்தும் மீகாமனாகி 1859இல் உரிமம் பெற்றார். ‘மார்க் ருவெயின்’ என்பது ஆற்றின் ஆழம் பார்ப்போர் எழுப்பும் குரல். இரண்டு பாகம், அதாவது 12 அடி நீர் உண்டு என்பது அதன் பொருள். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு ஆற்றுப் போக்குவரத்துத் தடைப்படவே, மேற்கே நெவாடாவுக்குச் சென்று பத்திரிகையாளரானார். 1863இல் அக்குரலையே புனைபெயராகக் கொண்டார்.

நாவலைத் தொடங்குமுன் மாணாக்கர் முன் ஒரு தேசப்படத்தை விரித்தல் வேண்டும். மிசிசிப்பி வடக்கிலிருந்து தெற்கே பாய்வது. அதன் மேற்குக் கரையிலுள்ள மிசூரியில் அடிமை முறை சட்டத்தால் நிலைபெற்றிருந்தது. கிழக்குக் கரையிலுள்ள இலினோய்ஸ் அடிமை முறை விலக்கப்பட்ட மாநிலம். தன்னை 800 டொலருக்கு நியூ ஓர்லீன்சுக்கு விற்க எசமானி எண்ணுவதை அறிந்து ஜிம் என்னும் அடிமை தப்பி ஓடுகிறான். குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பிய ஹக் அவனோடு தெப்பத்தில் ஏறுகிறான். அக்கரையே விடுதலை நிலமாயிருக்க, இவர்கள் தெற்கு நோக்கிச் செல்வது ஏன்? கூர்மதியுடைய மாணாக்கன் இதனைக் கேளாதிரான். விடுதலைப் பத்திரமில்லாத கறுப்பினத்தவரை இலினோய்சிலும் சிறைப்பிடிக்கலாம். ஜிம்மைப் பிடிப்போருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே, ஓகையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ நகரை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி அவ்வாற்றின் வழியே மேற்செல்ல எண்ணினர். மூடுபனியில் கெய்ரோ தவறிப்போயிற்று. அதன்பின் தெப்பம் நகருந்தோறும் ஜிம் அடிமை நாட்டின் உள்ளேயே செல்கிறான். படம் காணாத மாணாக்கனுக்கு இவ்வச்சம் உறைப்பதில்லை.

அடுத்து அறியவேண்டியது காலம். இந்நாவலுக்குக் காலம் இரண்டு. கதை நிகழ்வது ஏறத்தாழ 1835க்கும் 1845க்கும் இடையில். தப்பியோடிய அடிமையை உடையவனிடம் மீட்டுக் கொடுக்கும் சட்டம் 1793 முதலே இருந்தது. கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவித்தலை மிசூரி 1847இல் தடைசெய்தது. அடிமை முறை தீதென்று தம் இளமையில் ஒருவரும் கூறக் கேட்டதில்லை என்றும், திருச்சபையினரும் அதனை ஆதரித்தனர் என்றும் ருவெயின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நூல் எழுதப்பட்டதோ 1876க்கும் 1883க்கும் இடையில். 1865இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அடிமை முறையை ஒழித்துவிட்டது. ஆனால் 1877இல் நடுவண் படைகள் தென்மாநிலங்களிலிருந்து விலக்கப்பட்டபின், கறுப்பினத்தவர் பெற்ற உரிமைகள் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின. சட்டம் மாறியும் மனம் மாறாத அக்காலத்தவருக்கே ருவெயின் பழைய கதையைச் சொன்னார்.

நூலின் உயிர்நிலை முப்பத்தோராம் அதிகாரம். ஜிம் இருக்குமிடத்தை அறிவித்து எசமானிக்குக் கடிதம் எழுதுகிறான் ஹக். எழுதியபின், தன்னை எழுப்பாமல் தன் முறைக்கும் சேர்த்து ஜிம் காவல் விழித்திருந்த இரவுகள் நினைவில் எழுகின்றன. நரகமே கிடைப்பினும் கிடைக்க எனத் துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகிறான். தான் செய்வது நற்செயல் என்று ஹக் அறிந்தே செய்தான் என இன்றைய மாணாக்கர் எளிதாகக் கொள்வர். அது பிழை. பிறர் உடைமையைத் திருடும் பாவி என்றே அவன் தன்னை உண்மையாக நம்புகிறான். ஊரார் புகட்டிய மனச்சாட்சி ஒருபுறம், உடன் வாழ்ந்து அறிந்த அன்பு மறுபுறமாக நடக்கும் போர் அது. அன்பு வென்றபோதும், தான் வென்றதை அச்சிறுவன் அறியான்.

இந்நூலைக் கற்பிப்பதில் இடர்ப்பாடும் உண்டு. 1885இல் கொன்கோட் நகர நூலகம் இதனை நயமற்றதென விலக்கியது. 1957இல் நியூயோர்க் நகரக் கல்விச்சபை கீழ்வகுப்புகளுக்கான பட்டியலிலிருந்து நீக்கியபோது எழுந்த குறை வேறு: கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் இந்நூலில் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. 2011இல் வெளிவந்த ஒரு பதிப்பு அதற்குப் பதிலாக ‘அடிமை’ என்னும் சொல்லை இட்டது. சொல்லை மாற்றின் புண் மறையும். புண்படுத்திய சமுதாயமும் உடன் மறைந்துவிடும். அச்சொல்லின் கொடுமையை முன்னரே எடுத்துரைத்து, அதனை வகுப்பில் உரக்கப் படியாது விடுதல் தகும். மேலும், ஜிம்மை வெள்ளைச் சிறுவனின் கண்வழியே மட்டும் காண்கிறோம். அவனுக்கு விடுதலை கிடைத்துவிட்டதை அறிந்தும் ரொம் சோயர் அவன் சிறையை விளையாட்டாக்கும் இறுதிப் பகுதியைக் குறையெனக் கூறும் திறனாய்வாளர் பலர். ஆதலின் அடிமையாய்ப் பிறந்து 1838இல் தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் உடன் கற்பித்தல் இன்றியமையாதது.

கடன் தீர்க்கும்பொருட்டு உலகெங்கும் சொற்பொழிவாற்றச் சென்ற ருவெயின் 1896 ஜனவரியிற் கொழும்புக்கும் வந்தார். வீதியில் மக்கள் அணிந்திருந்த பன்னிற ஆடைகளை வியந்த அவர், மிசன் பாடசாலைச் சிறுமியர்மீது ஏற்றப்பட்டிருந்த ஐரோப்பிய உடையின் அழகின்மையை 1897இல் வெளியிட்ட பயணநூலில் எள்ளினார். தம்மவர் நாகரிகம் எனக் கருதியதையும் ஐயுற்று நோக்கிய கண் அது.

கதைச் சுருக்கம் எழுதுக என்னும் வினாவுக்கு இந்நூலைப் படியாமலே விடை எழுதலாம். ஹக் தன்னைப் பாவியெனக் கருதியது ஏன் என்று வினவின், மாணாக்கன் அக்காலத்துச் சட்டத்தையும் சமயபோதனையையும் ஆராய்ந்தே விடை காண்பான். அவ்வாறு விடை கண்டவன், தன் காலத்தார் ஐயமின்றி ஏற்றுக்கொண்டவற்றையும் ஒருமுறை ஆராயத் தொடங்குவான்.