செயலமர்வு முடிந்த மறுநாள்: அக்கரப்பத்தனையின் மொழி ஆசிரியருக்கு என்ன தேவை?

அக்கரப்பத்தனையில் சிங்களமோ ஆங்கிலமோ கற்பிக்கும் ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். வலயக் கல்வி அலுவலகம் ஒருநாள் செயலமர்வுக்கு அழைத்திருக்கிறது. விடியும் முன் எழுந்து, லிந்துலை, தலவாக்கலை வழியாக பஸ் மாறிச் செல்கிறார். அங்கே வளவாளர் திரையில் படம் காட்டி விளக்குகிறார். ஆசிரியர்கள் குழுக்களாகப் பிரிந்து டிமை தாளில் எழுதி ஒட்டுகிறார்கள். மாலையில் சான்றிதழும் கிடைக்கிறது. மறுநாள் வகுப்பறைக்குத் திரும்பினால் அங்கே திரை இல்லை, டிமை தாளும் இல்லை. கரும்பலகையும் பாடநூலும் நாற்பது பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். நேற்றுக் கற்றதில் எதை, எப்படி இங்கே செய்வது என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

மொழி ஆசிரியர்களின் தொழில்வாண்மை விருத்தி பற்றிப் பேசும் நாம் இந்த மறுநாளைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை செயலமர்வுகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கெல்லாம் அறிக்கை இருக்கிறது. ஆனால் அதன் பின்னர் வகுப்பறையில் என்ன மாறியது என்பதற்கு அறிக்கை இல்லை.

இது ஏன் முக்கியம்?

தோட்டத்துத் தாய் ஒருத்தி காய்ச்சலில் துவளும் பிள்ளையுடன் நகர வைத்தியசாலையில் நிற்கிறாள். வைத்தியர் "கொஹேத ரிதென்னே?" என்று கேட்கிறார். எங்கே வலிக்கிறது என்பதுதான் கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் அவள் சுற்றும்முற்றும் பார்க்கிறாள். பொலிஸ் நிலையத்திலும், பிரதேச செயலகத்திலும், கொழும்பில் வேலை தேடிப் போகும் மகனுக்கும் இதே நிலைதான்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகத்தில் தமிழில் சேவை பெறுவது உரிமை. சிங்களம் கற்பது அந்த உரிமையைக் கைவிடுவதாகாது. ஆனால் உரிமை நடைமுறைக்கு வரும்வரை வைத்தியசாலை வரிசையில் நிற்பவருக்கு மொழி தேவைப்படுகிறது. வந்த பின்னரும் பக்கத்து ஊரவருடன் பேச அது தேவைப்படும்.

தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் தரம் 6 முதல் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலப் பாடம் தரம் 3இலேயே தொடங்குகிறது. பாடத்திட்டமும் இலவசப் பாடநூலும் இருக்கின்றன. இருந்தும் பதினோராம் ஆண்டு முடித்து வெளியேறும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசுவார்கள்? சாதாரண தரப் பரீட்சை எழுத்தையே அளக்கிறது. பரீட்சை எதை அளக்கிறதோ அதையே வகுப்பறையும் கற்பிக்கும்.

தாமதமாக வந்த பாடசாலைகள்

மலையகத்துக்குத் தனியான ஒரு வரலாறும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகங்களிடம் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அதன் பின்னர் சுவீடனின் உதவியுடன் கட்டிடங்களும் பயிற்சிகளும் வந்தன. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி உருவாகி, மலையகத்திலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

ஆயினும் பற்றாக்குறை தீரவில்லை. 2014, 2015 காலப்பகுதியில் உயர்தரம் சித்தியடைந்த சுமார் 3,000 இளைஞர், யுவதிகள் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டது; பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. முதலில் வகுப்பறைக்குள் நுழைந்து, அதன் பிறகே அவர்கள் பயிற்சி பெற்றார்கள். இப்படி வந்தவர்களுக்குச் சேவைக்காலப் பயிற்சிதான் உண்மையான பயிற்சி. அது ஒருநாள் சடங்காக முடிந்தால் இழப்பு பிள்ளைக்கே.

பேசத் தெரிந்தால் போதுமா?

"சிங்களம் சரளமாகப் பேசுபவரைப் போட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். பேசுவது வேறு, கற்பிப்பது வேறு. சில உதாரணங்களைப் பாருங்கள்.

"மம கெதர யனவா" என்பது "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்பதாகும். சொல் வரிசை அப்படியே தமிழ்தான். ஆங்கிலத்தில் இதே வசனத்தைச் சொல்ல வரிசையைத் திருப்ப வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதுமில்லை: மம யனவா, எயா யனவா, அபி யனவா. இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் பயம் பாதி போய்விடும். ஆனால் எழுத்துச் சிங்களத்தில் "மம யமி, அபி யமு" என்று வினை மாறும். இந்த வேறுபாட்டை விளக்காமல் பாடநூலை வாசிக்க வைத்தால், புத்தகத்தில் ஒரு மொழி, கடையில் இன்னொரு மொழி என்று பிள்ளை குழம்பும்.

ஒலியிலும் சிக்கல் உண்டு. சிங்களத்தில் கற்களைக் குறிக்கும் சொல்லையும் காலத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் "கல்" என்றே வரும். முதலாவது மென்மையான ஒலி, இரண்டாவது வன்மையான ஒலி. தமிழ்ப் பிள்ளையின் காது அதைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதி மனனம் செய்ய வைத்தால் அந்தக் காது பழகவே பழகாது.

சொற்பொருளிலும் அப்படித்தான். "தாத்தா" என்றால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பாட்டனார். எமது வீடுகளில் அது மூத்த சகோதரி. சிங்களத்தில் தகப்பன். ஒரே வகுப்பில் இந்த மூன்றையும் எடுத்துப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். இவற்றை அறிந்து பயன்படுத்துவதே மொழி ஆசிரியரின் தொழில். அதைப் பேச்சாற்றல் தராது, பயிற்சிதான் தரும்.

கரும்பலகை மட்டும் இருந்த பரிசோதனை

வசதியில்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்போருக்கு தென்னிந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற மொழியியலாளரும் அவருடன் இணைந்த ஆசிரியர்களும் பெங்களூர், சென்னை, கடப்பை ஆகிய இடங்களின் சாதாரணப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்தார்கள். இலக்கண விதியை ஒப்புவிக்க வைப்பதற்குப் பதிலாக ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, சிந்தித்து விடை காண வேண்டிய வேலைகளைத் தந்தார்கள். பிள்ளையின் கவனம் விடையில் இருந்தது. மொழி அதனூடாக வந்தது. பெரும்பாலும் கரும்பலகையே அவர்களின் சாதனம்.

பிரபு 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை என்று வாதிட்டார். தான் செய்வது ஏன் பயன் தருகிறது என்ற உயிருள்ள புரிதல் ஆசிரியரிடம் இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜொய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் காட்டியதும் இதற்கு நெருக்கமானது. விளக்கவுரை கேட்பதாலும் செய்து காட்டுவதைப் பார்ப்பதாலும் மட்டும் ஆசிரியரின் வகுப்பறைப் பழக்கம் மாறுவது அரிது. தன் வகுப்பிலேயே செய்து பார்த்து, கூட ஒருவர் இருந்து வழிகாட்டும்போதுதான் அது மாறுகிறது.

செய்யக்கூடியவை

முதலாவது, பயிற்சியைப் பாடசாலைக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தி என்ற கொள்கை நாட்டில் ஏற்கெனவே உண்டு. அக்கரப்பத்தனை, ஹோல்புரூக், மன்றாசி, டயகம போன்ற அயல் இடங்களின் மொழி ஆசிரியர்கள் மாதம் ஒரு பிற்பகல் ஒரே பாடசாலையில் கூடலாம். ஒருவர் உண்மையான வகுப்பொன்றை நடத்த, மற்றவர்கள் பார்த்துப் பேசலாம். இதைக் கடமை நேரமாகக் கணிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆசிரிய ஆலோசகர் பதிவேட்டைச் சரிபார்ப்பவராக மட்டும் வரக்கூடாது. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனித்து, அடுத்த மாதம் மீண்டும் வந்து முன்னேற்றத்தைப் பார்ப்பவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வகுப்பறைச் சாதனங்களை ஊரிலிருந்தே திரட்ட வேண்டும். பஸ் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, தபாலகப் படிவம், கடை விலைப்பட்டியல், மின்சாரப் பட்டியல் எல்லாம் மும்மொழிப் பாடத்துக்கான பொருட்கள். இவற்றின் பிரதிகளையும் படங்களையும் ஒரு பெட்டியில் சேர்த்துப் பாடசாலைக்குப் பாடசாலை சுற்றுக்கு விடலாம். சரியான உச்சரிப்பைக் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்து வைத்தால் இணையம் இல்லாமலும் கேட்கலாம். கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறியதை நாம் மறந்துவிடக் கூடாது. கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ போன்ற தளங்கள் நல்லவைதான். ஆனால் அவை தோட்டத்துப் பிள்ளையை எட்டுவதற்கு, ஆசிரியர் முன்கூட்டியே பதிவிறக்கி எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது, தவணைக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் பேசவைத்துப் புள்ளியிட வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் அனுமதிக்காக இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

எமது பங்கு

இதை வாசிப்பவர்கள், "தோட்டப் பாடசாலைப் பிரச்சினை எமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். இதே பற்றாக்குறை எமது தமிழ்மொழி மூல முஸ்லிம் பாடசாலைகளிலும் இருக்கிறது. எமது ஆசிரியர்கள் பலர் தோட்டப் பாடசாலைகளிலும் கற்பிக்கிறார்கள். கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் இரு மொழியிலும் இயல்பாகப் பேசும் இளைஞர், யுவதிகள் எம்மிடம் நிறையவே உண்டு. அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று மொழி ஆசிரியத்துக்கு வந்தால் இரு சமூகங்களின் வகுப்பறைகளும் பயன்பெறும்.

கண்டியின் சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியவர். பிள்ளைகளுக்கு மொழிகளைக் கற்பியுங்கள் என்று எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பாடசாலைகளை நிறுவினார், பாடநூல்களையும் எழுதினார். ஆசிரியரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கல்வியைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதை அவர் அன்றே விளங்கியிருந்தார்.

எனவே அடுத்த முறை உங்கள் ஊரில் மொழி ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த மாதம் யார் திரும்பி வந்து இந்த ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பார்?" அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வரும் நாளில்தான், வைத்தியசாலை வரிசையில் நிற்கும் அந்தத் தாயின் மகள் தாயை முந்திக்கொண்டு வாய் திறந்து பதில் சொல்லுவாள்.